தகப்பன் பெயர் தெரியாத பரங்கிக்காய்

வெண்டல் கிரெப்ஸின் தோட்டத்தில் அந்த வருஷம் காய்த்த பரங்கிக்காயைப் பார்க்க ஆல்டர் ரன் ஊரே திரண்டு வந்தது. உள்ளே ஒரு கன்றுக்குட்டியைப் படுக்க வைக்கலாம், அவ்வளவு பெரிசு. வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "இதுக்கு அப்பன் யாரு?" போட்டிக்குப் பரங்கி வளர்க்கிறவர்களுக்குத் தாய்ச்செடி, தகப்பன்செடி விவரம் ஜாதகம் மாதிரி. அதில் பொய் சொன்னவனுக்கு அப்புறம் யாரும் விதை கொடுக்க மாட்டார்கள்.

"நம்ம ஹார்லன் தோட்டத்துச் செடிதான்" என்று வெண்டல் சொல்லிவைத்தார். அது பொய்.

நாளை மலரப்போகும் பெண் பூவை முந்தின நாள் சாயந்திரமே, தேனீ நுழையாதபடி துணிப்பையால் மூடிக் கட்டிவிட வேண்டும். விடிந்ததும் நாம் தேர்ந்தெடுத்த ஆண் பூவைக் கொண்டுவந்து கையால் தடவி, மறுபடியும் மூட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக வெண்டல் இதில் தவறியதே இல்லை. ஜூலையில் ஒரு நாள் தவறினார். அன்றைக்குப் பள்ளி வாரியக் கூட்டம். உயிர்கள் தானாக உண்டாகவில்லை, ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்திருக்கிறது என்று உயிரியல் வகுப்பில் ஆசிரியர் ஓர் அறிக்கை படிக்க வேண்டும் என்று வாரியத் தலைவரும் வெண்டலைப் போலவே பரங்கி வளர்க்கிறவருமான ஹார்லன் மோயர் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். வாரிய உறுப்பினரான வெண்டல் அதை ஆதரித்து முக்கால் மணி நேரம் வெளுத்துக்கட்டினார். அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். காலையில் ஹார்லன் தோட்டத்து ஆண் பூவோடு போய்ப் பார்த்தால், மூடாத பூவுக்குள் ஒரு குண்டுத் தேனீ மகரந்தம் பூசிக்கொண்டு உருண்டுகொண்டிருந்தது. அது எந்தத் தோட்டத்தில் மேய்ந்துவிட்டு வந்ததோ! அந்தச் செடியில் மற்ற பிஞ்செல்லாம் அழுகிப்போக, தேனீ தொட்டது மட்டும் ஊதிக்கொண்டே போனது.

தீர்மானத்தின் மேல் ஓட்டெடுப்பு அக்டோபருக்குத் தள்ளிப்போனது. வாரியத்தில் மற்ற எட்டுப் பேர் நாலுக்கு நாலாகப் பிரிந்து நிற்க, ஒன்பதாவது ஓட்டு வெண்டலுடையது. அந்த உயிரியல் ஆசிரியை வேறு யாருமில்லை, அவருடைய ஒரே மகள் மார்லிஸ்.

"நான் படிக்க மாட்டேன்ப்பா. தீர்மானம் ஜெயிச்சா மினசோட்டாவுக்குக் கிளம்பிடுவேன். அங்க ஒரு பள்ளிக்கூடத்துலேர்ந்து வேலைக்குக் கடிதாசியே வந்திருச்சு" என்றாள். கடிதத்தை உறையோடு அவர் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவிலேயே ஒட்டியும் வைத்தாள், அப்பாவின் கண்ணில் தினமும் படட்டும் என்று.

"சர்ச்சுல பாட்டுக் குழுவையே நடத்துறவ நீ. வகுப்புல நாலு வரி படிச்சா வாயா வெந்துபோகும்?"

"சர்ச்சுல நான் நம்புறதைப் பாடுறேன். வகுப்புல சோதிச்சுப் பாத்ததைத்தான் சொல்லணும். தெரியாத இடத்துல 'தெரியாது'ன்னு எழுதுற பசங்களுக்கு நான் மார்க்கே போடுறேன்."

"தெரியாதுக்கு மார்க்கா? உருப்பட்டாப்லதான்!"

வாய்தான் அப்படிப் பேசியது. மனைவி போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எதிரில் உட்கார அந்த ஒருத்திதான் இருந்தாள். அவளும் போய்விட்டால் என்ன செய்வது? ஆனால் தீர்மானத்துக்கே ஓட்டுப் போடுவதாக ஹார்லனுக்குக் கொடுத்த வாக்கு?

ஓட்டெடுப்புக்கு முந்தின சனிக்கிழமை எடைப் போட்டி. ஃபோர்க்லிஃப்ட் வண்டி பரங்கிக்காயைத் தூக்கித் தராசில் வைத்தது. ஆயிரத்து நூற்று எண்பது பவுண்டு! மாவட்டத்தில் இதுவரை காணாத எடை.

"அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கு பாருங்கய்யா!" என்று ஹார்லன் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

பதிவுத் தாள் வந்தது. வளர்த்தவர் பெயர், எடை, தாய், தகப்பன். விதை கேட்டு அதற்குள் பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள். இந்தத் தாளை நம்பித்தான் அவர்கள் அடுத்த வருஷம் விதைப்பார்கள். வெண்டலின் பேனா கடைசிக் கட்டத்தில் வந்து நின்றது. ஆப்பிள் சாறு குடித்தபடி மார்லிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் 'தெரியாது' என்று எழுதினார்.

"யோவ், என்னய்யா இது?" என்றார் ஹார்லன்.

"தேனீ பூந்திருச்சு ஹார்லன். பூவை மூட மறந்துட்டேன். அன்னிக்குக் கூட்டம்."

"எந்தக் கூட்டம்?"

"திட்டம் போடாம எதுவும் உண்டாகாதுன்னு நான் முக்கால் மணி நேரம் பேசினேனே, அந்தக் கூட்டம்."

தராசுக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மைதானமே சிரித்தது. ஹார்லனின் முகம் செக்கச்செவேல் என்று ஆனது.

"அந்தத் தேனீயை அனுப்புனது யாருன்னு எனக்குத் தெரியும்யா!"

"எனக்கும்தான் தெரியும். நாளைக்குச் சர்ச்சுல ரெண்டு பேருமா சேந்து நன்றி சொல்லுவோம். ஆனா இந்தத் தாள்ல அதை எழுதலாமா? முப்பது வருஷமா பரங்கி வளக்குறவன் நீ, நீயே சொல்லு."

"தாள்ல எழுதக்கூடாது" என்று ஹார்லன் முணுமுணுத்தார்.

திங்கட்கிழமை வெண்டல் 'வேண்டாம்' என்று கை தூக்கினார். தீர்மானம் தோற்றது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த ஹார்லன், புதன்கிழமை வந்து கதவைத் தட்டினார்.

"பேச வரல. ரெண்டு விதை குடு, போயிடுறேன்."

எடுத்துவரச் சமையலறைக்குப் போன வெண்டல் குளிர்ப்பெட்டி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். மினசோட்டாக் கடிதத்தைக் காணோம். அதன் உறை மட்டும் விதைகளால் புடைத்துக்கொண்டு கதவில் தொங்கியது. அதன் மேல் சிவப்பு மையில் மகளின் கையெழுத்து:

'தாய்: கிரெப்ஸ் தோட்டம். தகப்பன்: தெரியாது. மார்க்: பத்துக்குப் பத்து.'