ஸ்கோப்யேயில் நாற்பத்தைந்து நிமிடம்

1.

சுற்றுலா வழிகாட்டியான நான் கம்பெனிக்கு எழுதிய விளக்கக் கடிதத்திலிருந்து பிறந்தது இந்தக் கதை. “கவனக்குறைவால் ஒரு பயணியை விட்டுவிட்டுப் புறப்பட்டேன்” என்று அதில் எழுதினேன். அது உண்மைதானா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் கதை எழுதப் பழகும் மாலை வகுப்பு நோட்டில் மறுபடி எழுதிப் பார்க்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: வர்தார் ஆற்றின் மேல் வெயில்

(அடித்துவிட்டேன். நான் ஆற்றைப் பார்க்கவே இல்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.)

இரண்டாவது தொடக்கம்: பெல்கிரேடிலிருந்து கிரேக்கக் கடற்கரைக்குப் போகும் எங்கள் சுற்றுலா பஸ் வழியில் ஸ்கோப்யே நகரில் நின்றது. டிரைவர் மியோத்ராக் சட்டப்படி நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். பயணிகள் ஊர் பார்ப்பதும் அதற்குள்தான்.

கடைசி வரிசையில் தனியாக வந்த ராதோய்கா இறங்கும்போது என் கையைப் பிடித்தார்.

“ஏம்மா, என் தங்கச்சி இங்கதான் இருக்கா. ஒன்பது வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. ஒரு மணி நேரம் நிப்பீங்களா?”

நான் வாய் திறக்கும் முன் மியோத்ராக் குறுக்கிட்டார். “ஒன்பது வருஷத்துச் சண்டையை ஒரு மணி நேரத்துல தீத்துடுவீங்களாக்கா? பார்டர்ல ஏற்கனவே வரிசை நிக்குதாம்.”

“அவ கதவைத் தொறந்தா அஞ்சு நிமிஷம் போதும் தம்பி. தொறக்கணுமே.”

(இந்த இடத்தில் அவரை அழவைத்திருந்தேன். அவர் அழவில்லை. பஸ் கண்ணாடியில் பார்த்து உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டு போனார்.)

3.

நான் தலைகளை எண்ணுவதில்லை. எண்ணினால், “நாங்க என்ன ஆட்டு மந்தையா?” என்று சண்டைக்கு வருகிறார்கள். அதனால் மைக்கில் கேட்பதுதான் வழக்கம்.

“பக்கத்து சீட்டுக்காரங்க எல்லாம் வந்தாச்சா?”

“வந்தாச்சு!”

“என் வீட்டுக்காரர் வரலைன்னு எழுதிக்கோ கண்ணு, நீ கிளம்பு!” என்றார் முன்வரிசை அம்மா. பக்கத்தில் வீட்டுக்காரர் கபாப் மென்றுகொண்டிருந்தார். பஸ்ஸே சிரித்தது.

பக்கத்தில் ஆளில்லாமல் வருகிறவர் திரும்பவில்லையென்றால் இந்த முறையில் தெரியாது. அந்த ஓட்டை எனக்கு முன்பே தெரியும். அன்று அது என் நினைவில்...

பஸ் கிளம்பியது.

4.

எல்லையில் போன் வந்தது. ராதோய்கா.

“ஏம்மா, விட்டுட்டுப் போயிட்டீங்களே!”

பின்னால் இன்னொரு பெண்குரல்: “அக்கா, போனை வைச்சுட்டு வா. காபி ஆறுது.”

“இருடி!” என்று அங்கே அதட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “மறந்துட்டியா, வேணும்னே விட்டியா? சொல்லிடு. உன்னைத் திட்டறதா கும்பிடறதான்னு எனக்குத் தெரியணும்.”

என் பதிலை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். மைக்கை வைத்த பிறகு டிரைவருக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் கடைசி வரிசையைப் பார்த்தேன் என்ற வரி மட்டும் எல்லா வரைவிலும் இருக்கிறது. சீட்டுகளின் முதுகு உயரம். ஒருவர் சாய்ந்து தூங்கினால் தெரியாது.

இந்த நோட்டில் அவர் இன்னும் லைனில் இருக்கிறார். படிக்கிற நீங்களே சொல்லிவிடுங்கள்.