ஒரே எண்ணில் இருபத்தேழு வீடுகள்

"நாலு, ஒம்பது, பூச்சியம், ரெண்டு."

"கடைசியில என்ன, ரெண்டா ஏழா? இஞ்ச புல்லு வெட்டுத மெஷின் ஓடுது, ஒண்ணும் கேக்கல்ல."

"ரெண்டு. ரெண்டு கண்ணு, ரெண்டு காது. அந்த ரெண்டு."

"செரி, ஏறிச்சு. மேல வீட்டுக்கு உள்ளதயும் சொல்லு."

"அது இன்னும் வரல்ல. வந்தா நான் விளிக்குதேன். இப்போ வையுங்க, மேட் பாக்குதா."

பின்சி செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டாள். சேலைக்கு மேல் அவள் போட்டிருந்தது புருசன் சுந்தரதாஸின் பழைய முழுக்கைச் சட்டை. அடிக்கடி போனை எடுத்துப் போட்டதில் பையின் வாயில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதியன்னூர் பக்கத்துக் கால்வாய்க் கரையில், தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்கு வந்த பதினெட்டுப் பெண்கள், மேற்பார்க்கிற மேட்டின் கண்முன் வரிசையாக நின்று புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்து பல நாளாகிவிட்ட கால்வாயின் அடியில் பாசி காய்ந்து சுருண்டு கிடந்தது.

"உனக்க மாப்பிள தினமும் பத்து தடவ விளிக்காரு. பேசுதது முழுக்க நம்பராக்கும்," என்றாள் பக்கத்தில் நின்ற குமாரி. "கொஞ்சுததும் நம்பர்லதானா?"

"எங்களுக்கு அது போதும்."

"நீ குடுத்து வச்சவ. எனக்க ஆளுக்குச் சோறு வேகல்லன்னா மட்டும்தான் எனக்க பேரு ஓர்ம வரும்."

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பையில் போன் மறுபடியும் அதிர்ந்தது. மேல் வீட்டு எண் வந்துவிட்டது.

சுந்தரதாஸ் அமரவிளையில் ஒரு கேஸ் ஏஜென்சியில் பத்தொன்பது வருடமாகச் சிலிண்டர் கொண்டு கொடுக்கிறவன். முன்பெல்லாம் வீட்டு வாசலில் சிலிண்டரை இறக்கி, புத்தகத்தில் பதிந்து கொடுத்தால் வேலை முடிந்தது. இப்போது சிலிண்டர் பதிவு செய்த வீட்டுக்காரரின் செல்போனுக்கு நான்கு இலக்கத்தில் ஓ.டி.பி. மாதிரி ஒரு கோடு வரும். அதைக் கேட்டு வாங்கித் தன் போனில் அடித்தால்தான் சிலிண்டர் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கம்பெனி ஒத்துக்கொள்ளும். வீட்டுச் சிலிண்டர் சாயக்கடைக்கும் ஓட்டலுக்கும் போய்விடாமல் இருக்க வந்த சட்டம் அது.

சட்டம் போட்டவர்கள் குன்னத்துகால் பக்கம் வந்து பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே பாதி வீடுகளில் அடுப்பு ஒரு நாட்டிலும் போன் இன்னொரு நாட்டிலும் இருந்தன. கேஸ் புத்தகத்தில் எழுதிய எண் மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். அல்லது எப்போதோ காசு போடாமல் செத்துப்போன ஒரு சிம்முடையதாக இருக்கும். சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிற சுந்தரதாஸிடம், "கோடா? அது என்னது மக்கா?" என்று கேட்பார்கள் கிழவிகள். மகன் வேலை முடிந்து போனைப் பார்க்கும்போது இங்கே சாயங்காலமாகிவிடும். அதுவரை சிலிண்டர் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சிலிண்டர் கோடு வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்த அன்று ஏஜென்சி முதலாளி சதாசிவன் வழி சொன்னார். "எலே சுந்தரா, அந்த வயசானவியளுக்க வீட்டுக்கெல்லாம் உனக்க பெண்டாட்டிக்க நம்பரப் போடு. கோடு அவளுக்கு வரட்டு, அவ உனக்குச் சொல்லட்டு. சிலிண்டர் போய்ச் சேந்தாப் போதும்." ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற மனு அன்று மத்தியானமே அப்படிப்பட்ட இருபத்தேழு வீடுகளுக்கும் பின்சியின் எண்ணை அடித்துச் சேர்த்தான்.

அந்த வருடம் ஏஜென்சி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியது. கம்பெனி ஒரு கேடயம் கொடுத்தது. அதை முதலாளி தன் மேசைக்குப் பின்னால் மாட்டினார். பின்சிக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. யார் வீட்டில் கேஸ் தீர்ந்திருக்கிறது என்பது வீட்டுக்காரருக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும்.

வேலை முடிந்து மண்வெட்டியைக் கழுவும்போது மனு கூப்பிட்டான். "பின்சியக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வரணும். அண்ணனும் வரணும். போனக் கொண்டு வர மறக்கப்பிடாது."

"என்ன விசயம்?"

"வாங்க, சொல்லுதேன்," என்று சொல்லி வைத்துவிட்டான். வழக்கமாக அவன் அப்படி வைக்கிறவன் இல்லை.

மறுநாள் முதலாளியின் நாற்காலியில் கம்பெனி ஆபீசர் உட்கார்ந்திருந்தார். முதலாளி பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். ஆபீசர் கோபப்படவில்லை. மலையாளத்தில், மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரிப் பேசினார். ஒரே போன் நம்பரில் இருபத்தேழு இணைப்புகள் இருப்பதைத் தலைமை ஆபீசின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது. அப்படி இருந்தால் அந்தச் சிலிண்டர்கள் வெளியே விற்கப்பட்டதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். விதி அப்படி.

"ஒரு சிலிண்டர் வெளிய போகல்ல சார்," என்றான் சுந்தரதாஸ். "வீட்டில போய்க் கேளுங்க. ஓரோ வீடும் நான் காட்டித் தாறேன்."

"யார் சொல்லி இந்த நம்பரைப் போட்டீர்கள்?"

சுந்தரதாஸ் முதலாளியைப் பார்த்தான். முதலாளி மேசையில் கிடந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். மனு கம்ப்யூட்டருக்குள் முகத்தைக் கொண்டுபோயிருந்தான். பின்சி புருசனின் கையைப் பார்த்தாள். அது தொப்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

"நானாட்டுப் போட்டதில்ல சார்," என்றான் கடைசியில். முதலாளியின் பேரைச் சொல்லவில்லை.

ஆபீசர் பின்சியின் போனை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு கட்டுத் தாளை மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் சிலிண்டர் கிடைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலோடு கொடுக்க வேண்டும். ஏழு நாள். கையெழுத்து வராத வீடு, சிலிண்டர் போகாத வீடு. குற்றம் சாட்டப்பட்ட ஆள் போய் வாங்கக் கூடாது. வேறு யாரும் போகலாம்.

ஆபீசரின் கார் கிளம்பிய பிறகு முதலாளி தன் நாற்காலிக்குத் திரும்பினார். இழுப்பறையிலிருந்து அவரும் ஒரு தாளை எடுத்தார். ஒரே ஒரு தாள், டைப் அடித்தது.

"சுந்தரா, நீ சுத்தி வளைக்காண்டாம். இதில ஒரு ஒப்பு போட்டாத் தீந்துது. ஏஜென்சிக்குத் தெரியாம நீயா செய்தேன்னு. எனக்க லைசென்ஸ் இருந்தாத்தானே நாளைக்கு உன்ன நான் குடோனில வச்சாவது பாக்க முடியும்?"

"போட்டா எனக்க பேரில போலீசுக்குப் போவினும் இல்லியா?"

"போனாலும் நான் இருக்கேன்லா."

"பத்தொம்பது வருசமாட்டு முதலாளி இருந்திய. இப்போ அவரு முன்னால எங்க இருந்திய?"

முதலாளி தாளை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். பின்சி எழுந்து, அந்தத் தாளைத் தொடாமல், ஆபீசர் வைத்துப்போன கட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஆறு நாள் அவள் கால்வாய் வேலைக்குப் போகவில்லை. காலையில் குடையும் தாள்களும் எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, செம்மண் வெட்டில் படி செதுக்கி இறங்குகிற வீடுகள் அவை. வண்டி போகாது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இந்தப் படிகளில்தான் சுந்தரதாஸ் முப்பது கிலோவைத் தோளில் வைத்து இறங்கினான் என்று கால் முட்டி சொல்லும். அவனைப் பற்றி இதுவரை அவளுக்குத் தெரியாத ஒன்றை இந்தப் படிகள் தெரிந்து வைத்திருந்தன.

சுந்தரதாஸ் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தான். காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டான். காய்ந்ததும் மடித்து வைத்தான். அடுத்த நாள் அதையே எடுத்து மறுபடி துவைத்தான்.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பான் அவள் வந்ததும்.

"பதிமூணு."

"நாளைக்கு?"

"நாளைக்கும் போவேன். நீங்க அந்தச் சட்டையக் கீறிப் போடாதிங்க."

ஆறாம் நாள் இருபது தாள் ஆகியிருந்தது. மஸ்கட்டுக்காரர்களின் வீடுகளில்கூட மகனிடம் போனில் பேசி, அவன் கையெழுத்தைப் படமாக வரவழைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஏழு வீடுகள் மட்டும் பாக்கி. அதில் ஆறு வீட்டில் ஒரே பதிலைச் சொன்னார்கள். "சத்தியபாய் போடட்டு பிள்ளே, பெறவு நாங்க போடுதோம்." ஏன் சத்தியபாய் என்று பின்சி கேட்கவில்லை. சத்தியபாய் மாமி மாதர் சங்கத்தில் செயலாளராக இருந்தவர், நாலு பேர் கேட்டு நடக்கிற ஆள், அதனால் இருக்கும் என்று நினைத்தாள். மாமி மறுக்க மாட்டார் என்றும் நினைத்தாள். ஏழாவது வீடு மாமியுடையதுதான்; அந்த வீட்டுக்கு ஐம்பத்திரண்டு படி. சுந்தரதாஸ் சிலிண்டரை இறக்கி, அடுக்களைக்குள் கொண்டுபோய், மாட்டி, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுத்தான் படியேறுவான்.

ஏழாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. சத்தியபாய் அவளைக் கண்டதும் அடுப்பில் சாயைக்குத் தண்ணீர் வைத்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு. ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் நெஞ்சு விசிலடித்தது. ஜன்னல் படியில் மூச்சுக்கு இழுக்கிற மருந்துக் குப்பி இருந்தது.

"சுந்தரன் எப்பிடி இருக்கான்?"

"இருக்காரு மாமி. உங்க ஒப்பு கிடைச்சா மத்த ஆறு வீடும் போடும். இண்ணைக்குக் கடைசி நாளாக்கும். கிடைக்கல்லன்னா அவர கள்ளன்னு எழுதிருவினும். பெறவு ஒரு ஏஜென்சியும் எடுக்காது. போலீஸ் கேசும் உண்டு."

சத்தியபாய் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாளை வாசித்தார். நிதானமாக, ஒவ்வொரு வரியாக.

"இதில யாருக்க பேரு எழுதணும்?"

"கேஸ் புத்தகத்தில உள்ள பேரு மாமி."

"அதில எனக்க வீட்டுக்காரருக்க பேராக்கும் உள்ளது. ராஜையா. அவிய போய் ஆறு வருசமாச்சு."

பின்சி கையிலிருந்த பேனாவைத் தாளின்மேல் வைத்தாள். மற்ற ஆறு வீடுகளும் ஒவ்வொன்றாக அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. குன்னத்துகால் ஆற்றோர வீடு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற வீடு, ஓடு மாற்றாத வீடு. ஆறிலும் கிழவிகள்தான். ஆறிலும் சுவரில் மாலை போட்ட ஒரு ஆண் படம் இருந்தது.

"நான் அவிய பேரப் போட்டுத் தரட்டா?" என்றார் சத்தியபாய்.

"அது கள்ள ஒப்பு ஆயிரும் மாமி. ஆதாரும் கேக்குதினும்."

"எனக்க பேரப் போட்டா?"

"கேஸ் உங்க பேரில இல்லியேன்னு கேப்பினும்."

"கேட்டு?"

"மாத்தச் சொல்லுவினும்."

"அத நான் அண்ணைக்கே போய்க் கேட்டாச்சு மக்கா. மாத்தணும்னா பிள்ளைய ரெண்டு பேரும் ஒப்பு போடணும். மவனுக்கும் மவளுக்கும் இந்த வீட்டச் சொல்லி எத்தன வருசமாட்டு பேச்சில்ல. நான் செத்தா ரெண்டு பேரும் வந்து நிப்பினும், அதுக்கு முன்ன வரமாட்டினும்." நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மாத்தாம இருக்குதுன்னு தெரிஞ்சா கேஸ நிறுத்துவினும், இல்லியா?"

பின்சிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நிறுத்துவினும் மாமி."

சத்தியபாய் பின்வாசல் பக்கம் பார்த்தார். அங்கே கூரைக்கு வெளியே பழைய விறகடுப்பு இருந்தது. அதன் வாயில் இலைகள் நிறைந்து, மழையில் ஊறிக் கிடந்தன.

"புக பக்கத்தில நிக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. போன மாசம் நாலு நாள் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில மூக்கில குழல் வச்சுக் கிடந்தேன்."

"தெரியும் மாமி."

"சுந்தரன்தான் அண்ணைக்கு என்ன நாற்காலியோட தூக்கிப் படியேத்தினான்."

"தெரியும்."

தண்ணீர் கொதித்து மூடியைத் தள்ளியது. சத்தியபாய் சாயை ஊற்றி அவள் முன்னால் வைத்தார். அடுப்பை அணைத்தார். பிறகு சிரமப்பட்டுக் குனிந்து ரெகுலேட்டரைத் திருகி அடைத்தார். நிமிரவில்லை. குனிந்த வாக்கிலேயே முந்தானையால் சிலிண்டரின் தோளைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் தூசியே இல்லை. துடைத்த இடத்தையே மறுபடியும் மறுபடியும் துடைத்தார். கண்ணாடி மூக்கில் வழிந்து தொங்கியது.

மேசைமேல் தாள் விரிந்தபடியே கிடந்தது. பேனா அதன்மேல் குறுக்கே இருந்தது. பின்சி சாயையைத் தொடவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி," என்றாள். "பேரு எழுதாண்டாம். ஆதாரும் வேண்டாம். ஆபீசில குடுக்க இல்ல, அவருக்குக் காட்டத்தான். உங்க கையால ஒரு வரி மட்டும். சிலிண்டர் இஞ்ச வந்துதுன்னு, அவரு கொண்டு தந்தாருன்னு. அத மட்டும் எழுதித் தாருங்க மாமி."