இடப்பக்கத் திண்டு

பருத்தி மூட்டை சரிந்து முதுகெலும்பு முறிந்த பிறகு, தம்பிதுரைக்கு நெஞ்சுக்குக் கீழே உடம்பு வசத்தில் இல்லை. உட்காரவைத்தால் இடப்பக்கம் சாய்ந்துவிடுவார். பிரம்பு நாற்காலிக்கு சைக்கிள் சக்கரம் பூட்டி, விலாவின் இருபுறமும் பஞ்சுத் திண்டு செருகி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து அவரை நிமிர்த்தியவன் தம்பி நஞ்சுண்டன். திண்டு இரண்டும் இருந்தால் கைகள் ஓய்வாக இருக்கும். ஒன்று குறைந்தாலும் ஒரு கை நாற்காலியைப் பிடித்தாக வேண்டும்.

சிங்காநல்லூரில் அவர்களுடைய பருத்தி அரவை ஆலைக்குப் பங்குதாரர்கள் அன்று வந்திருந்தார்கள். நிர்வாகம் தம்பிதுரையிடமே இருக்கட்டும் என்று பேசி முடித்தாயிற்று. வெற்றிலைத் தட்டத்தை அவர் இரு கையாலும் வாங்கினால் பொறுப்பேற்றதாக அர்த்தம். ஒற்றைக் கையால் வாங்குவது சபைக்கு அவமரியாதை.

காலையிலேயே நஞ்சுண்டன் இடப்பக்கத் திண்டை உருவியிருந்தான். "உறை அழுக்கா இருக்குதுங்ணா. பெரியவங்க வர்ற நேரம், மாத்திப்போட்டுக் கொண்டாரேன்."

கொண்டுவரவில்லை. இரண்டு முறை கேட்டதற்கும், "இதா வாரேனுங்ணா" என்றான்.

மூத்த பங்குதாரர் பொங்கியண்ணன் தட்டத்துடன் வந்தார். "நாங்கெல்லாம் நின்னுட்டிருக்கறோம், நீ மட்டும் சக்கரம் வெச்ச சிம்மாசனத்துல இருக்கறயே கண்ணு!" சபை சிரித்தது. தம்பிதுரையும் சிரித்தார். நாற்காலியைப் பிடித்திருந்த கையை எடுத்து இரண்டையும் நீட்டினார்.

சாய்ந்தார். பக்கத்தில் நின்ற நஞ்சுண்டன் தட்டத்தைப் பிடித்தான். அண்ணனைப் பிடிக்கவில்லை. தம்பிதுரையின் கன்னம் நாற்காலிக் கைப்பிடியில் மோதியது.

"திண்டு இல்லீங்க, அதான். வெச்சா நேரா உக்காருவனுங்க" என்றார், தலை தொங்கியபடியே.

"செரி கண்ணு, செரி. உடம்பப் பாத்துக்க." பொங்கியண்ணனின் குரலில் இரக்கம் இருந்தது. "தட்டம் உன் தம்பி கையிலயே இருக்கட்டும்."

நஞ்சுண்டன் தட்டத்தைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, அண்ணனின் அக்குளுக்குக் கீழே கை கொடுத்தான். எங்கே அழுத்தினால் அந்த உடம்பு நிமிரும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

"கையெடு" என்றார் தம்பிதுரை.

"ஏனுங்ணா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். குழந்தே, நீ வா."

அவர் மனைவி குழந்தையம்மாளுக்கு அந்தப் பிடி பழக்கமில்லை. பலங்கொண்ட மட்டும் தூக்கினாள். பாதி நிமிர்ந்து, கோணலாகத்தான் உட்கார முடிந்தது. பொங்கியண்ணன் அதைப் பார்த்து, தாம் செய்தது சரிதான் என்பதுபோல் மற்றவர்களிடம் தலையசைத்தார்.