ஓடைக்கு அந்தப் பக்கம்

கல்நத்தத்தில் முதல் எலி மாரப்பன் வீட்டுக் கேழ்வரகுக் குதிருக்கு அடியில் விழுந்தது. 1936, மார்கழி பிறந்து நான்காம் நாள். பட்டப்பகலில், ஆட்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே, கள் குடித்தவனைப் போலத் தள்ளாடி வெளியே வந்து, வாயில் ரத்தம் கட்டிச் சுழன்று விழுந்தது. மாரப்பனின் மனைவி நஞ்சம்மாள் அதை முறத்தில் வாரிக் குப்பைமேட்டில் கொட்டினாள். மறுநாள் நான்கு விழுந்தன. அதற்கு மறுநாள் யாரும் எண்ணவில்லை.

எலி விழுந்தால் ஊரை விட்டுவிட வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காரிமங்கலத்திலிருந்து பிளேக் டாக்டர் வந்து எல்லோருக்கும் கையில் ஊசி போட்டார். அவருடைய ஆட்கள் காலியான வீட்டுக் கதவுகளில் சுண்ணாம்பால் குறி போட்டுக்கொண்டே போனார்கள். மூன்றே நாளில் ஓடைக்குக் கிழக்கே மேட்டுக்காட்டில் சோளத்தட்டுக் கொட்டாய்கள் முளைத்துவிட்டன. ஊரில் பதினொரு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. அவர்களும் அதே மேட்டின் தென்கோடியில் கொட்டாய் போட்டுக்கொண்டார்கள்.

அவர்களுக்கு உபதேசியாராக இருந்தவன் அருள்சாமி. பங்குச் சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் குதிரை வண்டியில் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதும், சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்காருவதும் அருள்சாமியின் வேலை. முப்பத்தைந்து வயது. ஒல்லியான ஆள், கொஞ்சம் பயந்த சுபாவம். இடி இடித்தால் கதவைச் சாத்திக்கொள்வான் என்று அவன் மனைவி ராஜமேரியே சொல்லிச் சிரிப்பாள். ஆறு வயதில் தெரசா என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பிறகு பிறந்த ஆண் குழந்தை எட்டு மாதத்தில் செத்துப்போயிருந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. சாமியார் வர முடியாது என்று ஆள் சொல்லியனுப்பினார். கொட்டாயிலேயே ஜெபம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதற்காகத் தங்கள் கோவிலில் இருந்த, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை எடுத்துவர ஒரு காலை நேரத்தில் அருள்சாமி ஊருக்குள் போனான். அரை மணியில் திரும்ப வேண்டியவன் உச்சிவேளை வரை வரவில்லை.

ராஜமேரி ஓடைக்கரைக்குப் போய் நின்றாள். ஊரில் ஒரு சத்தமும் இல்லை. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. வெகுநேரம் கழித்து அருள்சாமி அக்கரையில் தெரிந்தான். கையில் சுரூபம் இல்லை.

"மேரி, கிட்ட வராத. அங்கியே நில்லு."

"என்னாங்க? என்னா ஆச்சு?"

"மாரப்பன் வூட்டுல கெடக்கறாரு. தொடை இடுக்குல நெறி கட்டியிருக்குது. தண்ணி தண்ணின்னு கத்தற சத்தம் கோவில் வரைக்கும் கேட்டுது. தூக்கி உக்கார வெச்சிக் குடுத்தேன்."

"அவரு பொண்டாட்டி? மவனுங்க?"

"ஒரு கொடம் தண்ணி வெச்சிட்டுப் போயிருக்காங்க. கை எட்டாத தூரத்துல."

ராஜமேரிக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம்தான். போன கோடையில் அவளுடைய குழந்தையின் சின்னப் பெட்டியைக் கல்லறைக்கு எடுத்துப்போனபோது, தன் நிலத்து வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டு மறித்தவன் இந்த மாரப்பன். ஓடையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

"எந்த மாரப்பன்னு தெரிஞ்சிதான் தொட்டீங்களா?"

"தெரியும்."

"செத்தா சாவட்டும்னு வந்திருக்கலாமில்ல?"

"வாசல் வரைக்கும் வந்துட்டேன், மேரி. அதுக்கு மேல காலு வரல." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தொட்டுட்டேன். இனி அங்க வந்தா உங்களுக்கெல்லாம் ஒட்டிக்கும். கஞ்சிய அந்தப் பாறை மேல வெச்சிட்டுப் போ. நான் எடுத்துக்கறேன்."

அன்று முதல் அப்படித்தான் நடந்தது. ஓடையின் நடுவில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. காலையிலும் மாலையிலும் அவள் பானையை வைத்துவிட்டு விலகி நிற்பாள். அவன் வந்து எடுத்துக்கொண்டு போவான். மாரப்பன் சாகவில்லை. ஆறாம் நாள் கட்டி உடைந்து ஜுரம் இறங்கியது.

அந்தச் செய்தி மேட்டுக்காட்டில் பரவியதுதான் வினையாயிற்று. உபதேசியார் பார்த்துக்கொள்கிறார் என்று ஆனதும், கொட்டாயில் யாருக்காவது ஜுரம் வந்தால் கட்டிலோடு தூக்கிவந்து ஊர் எல்லைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்கள். எடுத்து வந்தது யாரென்று தெரியாது. விடிந்து பார்த்தால் மரத்தடியில் ஒரு கட்டில் இருக்கும். சில நாள் இரண்டு இருக்கும். அருள்சாமி அவர்களைக் கோவிலுக்குள் கொண்டுவந்து வரிசையாகக் கிடத்தினான். சோகையாக எழுந்து நடமாடத் தொடங்கிய மாரப்பன் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொடுத்தான். செத்தவர்களை இருவருமாகப் புதைத்தார்கள். ராஜமேரி கொட்டாயிலிருந்தபடியே ஊரைப் பார்ப்பாள். மண்வெட்டிச் சத்தம் கேட்கும் நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது.

அருள்சாமி அக்கரையில் தங்கிய ஒன்பதாம் நாள் பொம்மிடியிலிருந்து அவள் அண்ணன் இன்னாசிராஜ் வந்தான். ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் அவனுக்கு வேலை. தங்கையையும் குழந்தையையும் மாப்பிள்ளையையும் கையோடு கூட்டிப்போய்விடுவது என்று வந்திருந்தான். ஓடைக்கரையில் நின்று அவன் குரல் கொடுத்தான்.

"மாப்ள, டாக்டருகிட்டக் கேட்டுட்டேன். பத்து நாளு தனிக் கொட்டாயில இருந்தாப் போதுமாம், ஒண்ணும் இல்லன்னா வூட்டுக்கு வந்துரலாமாம். நீங்க செஞ்சது போதும். வாங்க."

"உள்ள ஏழு பேரு கெடக்கறாங்க, மச்சான்."

"அவங்களுக்குச் சொந்தக்காரங்க இல்லியா? பெத்தவங்க இல்லியா?"

ராஜமேரி முன்னால் வந்தாள்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. சர்வேசுரன் உங்ககிட்ட வந்து கேட்டாரா, இத செய்யின்னு?"

"கேக்கல."

"அப்பறம்?"

"தெனமும் காலையில இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்னு ஆரம்பிக்கறேன், மேரி. போயிரலாம்னு தெனமும் தோணுது. ஆனா யாராவது ஒருத்தரு தண்ணி கேக்கறாங்க. பாதியில வுட்டுட்டு வந்தா, அவங்கள ரெண்டாந்தரம் சாவடிச்ச மாதிரி ஆயிடும். என்ன மன்னிச்சிக்க."

இன்னாசிராஜ் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினான். அன்றே ஊர் போகப் புறப்பட்டவனை ராஜமேரிதான் இரண்டு நாள் இருக்கச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

பதினோராம் நாள் மாலை கஞ்சிப்பானையை எடுக்க வந்த அருள்சாமி, எப்போதும்போல் பாறைக்கு இறங்கி வரவில்லை. கரையிலேயே நின்று, "அங்கியே இருக்கட்டும், அப்பறமா எடுத்துக்கறேன்" என்றான். சிரிக்கவும் செய்தான். ஆனால் அவன் நின்ற விதம் ராஜமேரிக்குப் பிடிபட்டுவிட்டது. இடது காலைத் தரையில் ஊன்றாமல், தொடையை அகட்டி, ஒரு கையால் வேலமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நடந்து காட்டுங்க."

"எதுக்கு?"

"நாலு எட்டு நடந்து காட்டுங்கன்னு சொல்றேன்."

அவன் நடக்கவில்லை. மரத்தைப் பிடித்தபடியே மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

அவள் கொட்டாய்க்கு ஓடினாள். தெரசா மண்ணில் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்தாள்.

"இவள இன்னிக்கே பொம்மிடிக்குக் கூட்டிட்டுப் போ, அண்ணா."

"நீ?"

"நான் வரல."

"பைத்தியமா உனக்கு? இவளுக்கு அப்பனும் இல்லாம ஆத்தாளும் இல்லாமப் பண்ணப் போறியா?"

குழந்தை எதையோ உணர்ந்து வீறிட்டு அழுதது. அவள் சேலையைக் குழந்தை இறுகப் பிடித்திருந்தது. விரல் விரலாகப் பிரித்துவிட்டுத்தான் அவள் ஓடையில் இறங்க முடிந்தது. அழுகை முதுகுக்குப் பின்னால் வெகுதூரம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

அருள்சாமி கோவிலில் மூன்று நாள் கிடந்தான். ராஜமேரி நினைத்திருந்ததுபோல அவன் அமைதியாகச் சாகவில்லை. இரண்டாம் நாள் கண் சிவந்து, நாக்கு தடித்து, வீட்டுக்குக் கூட்டிப்போ என்று சின்னப் பிள்ளையைப் போலக் கெஞ்சினான். கொஞ்சம் தெளிந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பயமா இருக்குது, மேரி."

"நான் இருக்கறேன்."

"தப்பு பண்ணிட்டனா? தெரசாவ நெனச்சிப் பாக்காமப் பண்ணிட்டனா?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க தெனமும் ஆரம்பிச்சத நான் பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள். சாகிறவர்களுக்கு எத்தனையோ பேருக்கு அவன் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை அவள் அவன் காதில் சொன்னாள். "சேசுவே, மரியே, சூசையே." அவன் உதடு முதல் இரண்டு பெயருக்கு அசைந்தது. மூன்றாவதற்கு அசையவில்லை. சாகும்போது எண்ணெய் பூசி அவஸ்தைபூசுதல் கொடுக்கச் சாமியார் இல்லை. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போக இரண்டே பேர். தலைமாட்டில் மாரப்பன், கால்மாட்டில் ராஜமேரி. மாரப்பன் தன் நிலத்து வரப்பின் வழியாகவே போனான். குழியை மூடி முடித்த பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"போன வருசம் அந்தக் கொழந்தைக்கு நான் பண்ணினது…"

"அத இப்பப் பேச வேணாங்க."

"சரிங்கம்மா. நீங்க கெளம்புங்க. இங்க நான் பாத்துக்கறேன். உங்களுக்குப் பொண்ணு இருக்குது."

போகத்தான் அவள் நினைத்தாள். துணியை எடுத்துக்கொள்ளக் கோவிலுக்குள் நுழைந்தாள். உள்ளே ஐந்து பேர் கிடந்தார்கள். ஈக்களின் சத்தம். மூலையில் குள்ளம்மாள் என்ற பெண் முந்தாநாள் கொண்டுவந்து விடப்பட்டவள். மேட்டுக்காட்டில் அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. பால் கட்டி, ரவிக்கை நனைந்து கிடந்தாள். நினைவு தப்பித் தப்பி வந்தது.

"உபதேசியாரே," என்று அவள் முனகினாள். "உபதேசியாரே, தொண்ட காயுது."

ராஜமேரி வாசலில் நின்றாள். ஜெபம் சொல்ல முயன்றாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. தைரியமும் வரவில்லை. அவளுக்குக் கடவுள் மேல் கோபம்தான் இருந்தது. கணவனைக் கொண்டுபோயும் இன்னும் போதவில்லையா என்ற கோபம். அந்தக் கோபத்தோடேயே சொம்பை எடுத்துக்கொண்டு போய்க் குள்ளம்மாளின் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

அதன் பிறகு நாற்பத்தாறு நாள் அவள் அங்கே இருந்தாள். மாரப்பன் விறகு வெட்டினான், தண்ணீர் சேந்தினான், குழி தோண்டினான். பானையைப் பாறையில் வைக்கும் வேலையை நஞ்சம்மாள் எடுத்துக்கொண்டாள். கணவனின் முகத்தைப் பார்க்கக் கூசி, வைத்தவுடன் ஓடிவிடுவாள். தை முழுக்கக் கட்டில்கள் வந்துகொண்டிருந்தன. ராஜமேரி தினமும் விடிந்ததும் தன் அக்குளையும் தொடையிடுக்கையும் தொட்டுப் பார்ப்பாள். வலி இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா. இல்லை என்று தெரிந்த பிறகுதான் புளியமரத்தடிக்குப் போவாள். ஒருநாள் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது போல் இருந்தது. அன்று முழுதும் யாரிடமும் சொல்லாமல் வேலை செய்தாள். மறுநாள் அது இல்லை. வெறும் பயமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மொத்தம் பத்தொன்பது பேரைக் கோவிலில் கிடத்தினார்கள். பிழைத்தது எட்டுப் பேர். குள்ளம்மாள் அந்த எட்டில் ஒருத்தி. மாசி வெயில் ஏறியதும் கட்டில்கள் வருவது நின்றது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ராஜமேரியைப் பத்து நாள் தனிக் கொட்டாயில் இருக்கச் சொன்னார். சாமியாரும் வந்தார். கொட்டாய்க்கு வெளியே மண்ணிலேயே உட்கார்ந்து, வேறு உபதேசியாரை அனுப்பக் காலமாகும் என்றார்.

"அதுவரைக்கும் புள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுக்கறேன், சாமி."

"உன்னால முடியுமா, அம்மா?"

"தெரியலீங்க. ஞாயித்துக்கிழம வந்தாத் தெரியும்."

பத்து நாள் கழிந்த அன்றே அவள் பொம்மிடிக்கு நடந்தாள். இன்னாசிராஜின் வீட்டு வாசலில் தெரசா நின்றிருந்தாள். அம்மாவைக் கண்டதும் ஓடிவரவில்லை. மாமன் மனைவியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ராஜமேரி இளைத்து, கன்னம் ஒட்டி, வேறு ஆளாக இருந்தாள்.

"தெரசா, வாடி கண்ணு."

"நீ என்ன வுட்டுட்டுப் போயிட்ட." குழந்தையின் குரலில் அழுகை இல்லை. அதுதான் ராஜமேரியைக் குத்தியது. "நான் கத்தினேன். நீ திரும்பவே இல்ல."

"ஆமா," என்றாள் ராஜமேரி. "திரும்பல."

அண்ணி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். ராஜமேரி கையைக் காட்டித் தடுத்தாள். அப்பா எங்கே என்று குழந்தை கேட்கவில்லை. யாரோ ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ராஜமேரி வாசலில் தரையிலேயே உட்கார்ந்தாள். கூப்பிடவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. சேலம் போகும் ரயில் ஒன்று நின்று கிளம்பியது. வெயில் சுவரை விட்டு இறங்கியது. அண்ணி கொண்டுவந்து வைத்த களி அப்படியே ஆறியது.

பொழுது சாய்கிற நேரத்தில் தெரசா மெல்ல வந்து, அவளைத் தொடாமல், ஒரு முழம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ராஜமேரி அசையாமல் இருந்தாள்.