மைனஸ் ஏழு

ஆர்என்ஏ துண்டுகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளுமா என்று பார்ப்பதிலேயே அவளுக்கு மூன்று வருஷம் ஓடிப்போயிருந்தது. உயிரே இல்லாத காலத்தில், ஒட்டிவிட எந்தப் புரதமும் இல்லாதபோது, அது எப்படியோ நடந்திருக்க வேண்டும். ஆனால் அவள் குழாய்களில் மட்டும் அசைவேனா என்றது.

இந்த லட்சணத்தில் ஆய்வகத்து உறைபெட்டி வேறு படுத்துவிட்டது. கம்பெனி ஆள் கையை விரிக்க, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அக்கா புருஷனைக் கூப்பிட்டாள்.

"கேஸ் லீக்கும்மா. மைனஸ் எண்பதுல இருக்க வேண்டியது மைனஸ் ஏழுல நிக்குது. எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும் அத்தான். உள்ள இருந்ததெல்லாம் சிதைஞ்சிருக்கும்."

எவ்வளவு சிதைந்தது என்று பார்க்க, ஒரு ஆர்என்ஏ குழாயில் இருந்ததை, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் ஓட்டினாள். விளக்கில் பட்டைகள் தெரிந்ததும் தூக்கிவாரிப்போட்டது. துண்டுகள் சேர்ந்து நீளமாகியிருந்தன.

"ஐஸ்ல போய் எப்படி?" வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

பைப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த அத்தான் திரும்பினார். "ஐஸ் பார் பாத்ததில்லையா? தண்ணி உறையறப்ப தண்ணியை மட்டும்தான் சேத்துக்கும். உப்பு, அழுக்கு எல்லாத்தையும் இடுக்குல தள்ளிடும். விசேஷ வீட்டுல நீங்க என்னை மூலைக்குத் தள்ளுவீங்களே, அதே மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. அந்த இடுக்கில் துண்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், இன்னொரு பெட்டியை மைனஸ் ஏழுல நிறுத்தித் தாங்களேன்."

"ரிப்பேர் பண்றவனை, நல்லா ஓடறதைக் கெடுக்கச் சொல்றியே!" தலையில் அடித்துக்கொண்டே செய்துகொடுத்தார்.

ஏற்கெனவே சேர்ந்திருந்த நீள இழையில் கொஞ்சம் எடுத்துப் புதுத் துண்டுகளோடு பாதிக் குழாய்களில் வைத்தாள். மீதிக் குழாய்களில் வெறும் துண்டுகள். நாலாம் நாள் மதியம் அவற்றை ஜெல்லில் ஓட்டி விளக்கில் பார்த்தபோது, பெட்டியின் குளிரைச் சரிபார்க்க வந்த அத்தானும் கூடவே எட்டிப்பார்த்தார். வெறும் துண்டுகள் வைத்த இடமெல்லாம், மூன்று வாரம் ஆகாததால், அப்படியே கிடந்தது. இழை வைத்த இடமெல்லாம் புதுப் பட்டை.

"யாரு ஒட்டினது?"

"யாரும் இல்ல. போன தடவை சேர்ந்தது, இப்ப மத்ததைச் சேர்க்குது."

"அப்ப இதுக்கு உயிர் இருக்கா?"

"இன்னும் இல்ல அத்தான்."

சொல்லும்போதே குரல் தழைந்துவிட்டது. பார்க்க ஒரு கண்கூட இல்லாத காலத்தில், ஏதோ ஒரு குட்டையின் பனி வெடிப்பில், ஒன்று இன்னொன்றை இப்படிச் சேர்த்துவிட்டிருக்கலாம்.

அத்தானின் போன் அலறியது. "நாளைக்கு வரேன்" என்று கிசுகிசுத்து வைத்துவிட்டு, மறுபடி அந்தப் பட்டைகளின் மேல் குனிந்தார்.