தம்பியை இறக்கலாமா, வேண்டாமா

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டு டிவிக்கு முன்னால் எனக்கு உட்கார இடம் கிடைக்காததால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அங்கே கால்பந்துதான். சோபாவில் பாதியை அத்தான் எடுத்துக்கொள்வார். பஸ் ஓட்டுகிறவர், வாரம் முழுக்க நிமிர்ந்தே இருந்த முதுகை அன்றைக்குத்தான் சாய்ப்பார். மீதிப் பாதி மாடி வீட்டு மாஸ்டருக்கு. தையல் மாஸ்டர். ஆட்டம் பார்க்கும்போதும் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். ஒற்றை நாற்காலி அக்காவுடையது. எனக்கு மிஞ்சியது உள்ளறை வாசற்படி. அங்கே எனக்கு முன்பே அக்கா மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து டிவியில் பாதிதான் தெரியும். அவள் முகம் முழுதாகத் தெரியும். ஆட்டத்தை விட்டுவிட்டு நான் அதைப் பார்க்க ஆரம்பித்தேன்.

[அவளை வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவோம். பதினாறு வயது, என்னைவிட உயரம். பெயர்தான் வளரவில்லை. "கதையில வேற பேர் வை சித்தி" என்றாள். வைத்துப் பார்த்தேன். யாரோ ஒரு பெண் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவளை அனுப்பிவிட்டு மறுபடி வாண்டையே கூப்பிட்டுக்கொண்டேன்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பொன்னிற மாலை வெயில் பசும்புல்லின் மேல் படர்ந்திருக்க, அந்தப் பெண் பந்தை நோக்கி—"

விட்டுவிட்டேன். அது புல் இல்லை, மண் தரை. வெயிலும் இல்லை, தூறிக்கொண்டிருந்தது. வாண்டு ஆடிய ஓர் ஆட்டத்தின் வீடியோ இருக்கிறது, அதில் இருக்கிறபடியே எழுதிவிடுகிறேன்.

பள்ளிகளுக்கிடையே நடந்த ஆட்டம். வாண்டு வலது ஓரத்தில், கோட்டை ஒட்டி ஓடுகிறாள். எதிரே இரண்டு பேர். கோல் எங்கோ தூரத்தில் இருக்கிறது. அவள் தலையைத் தூக்கி ஒரு தரம் பார்க்கிறாள். அடிக்கிறாள். பந்து எல்லார் தலைக்கும் மேலே போகிறது. வெளியேதான் விழப்போகிறது என்று நினைக்கும்போது வளைந்து இறங்கி, கோல்கீப்பரின் விரல் நுனியைத் தாண்டி, கம்பத்தின் உள்பக்கம் பட்டு வலைக்குள் விழுகிறது. போனில் படம் எடுத்த யாரோ ஓர் அம்மா "ஐயோ" என்கிறாள். அவ்வளவு அழகான ஐயோவை நான் கேட்டதில்லை.

அந்த வீடியோ போனுக்குப் போன் போனது. அத்தான் தன் பங்குக்குக் கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் தூங்கியவரைக்கூட எழுப்பிக் காட்டினார். எங்கள் ஊரின் பெரிய கிளப்பில் பெண்கள் அணிக்குக் கோச்சாக இருக்கும் ஒரு பெண்மணியின் கண்ணிலும் அது பட்டது. போன் செய்தார். "பெரியவங்களோட சேர்ந்து பயிற்சிக்கு வரட்டும். சீசன் ஆரம்பிச்சதும் இறக்கிப் பார்க்கலாம்."

அத்தான் சரி என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அக்கா போனை வாங்கி, "யோசிச்சு சொல்றோம்" என்று வைத்துவிட்டாள். அக்கா ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். "என் வார்டுல கால்ல கட்டோட படுத்திருக்கிற பொண்ணுங்களும் நல்லாத்தான் ஆடினாங்க" என்றாள். அத்தான் எழுந்து பால்கனிக்குப் போனார். அதோடு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. நின்றதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

3

அந்த சமயம் பார்த்து டிவியில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். அவர்கள் ஆதரிக்கும் அணியில், பல வருஷமாக கோல் அடித்துக்கொண்டிருந்த ஸ்ட்ரைக்கருக்கு மாற்றாக, பதினாறு வயதில். பழைய ஸ்ட்ரைக்கர் அந்த வீட்டில் "பெரியவர்". பையன் "தம்பி".

"தம்பியை இறக்கணும்" என்றார் அத்தான். "பெஞ்ச்ல உட்கார வெச்சு ஊறுகாயா போடப் போறாங்க?"

"பெரியவர் இருக்கும்போது தம்பி எதுக்கு?" என்றார் மாஸ்டர். "அன்னிக்குத் தலைகீழா பாய்ஞ்சு ஒண்ணு அடிச்சாரே. முதுகு தரையில படல, பந்து உள்ள போயிடுச்சு. அந்த மாதிரி ஒண்ணு இவன் அடிக்கட்டும், என் கடையை அவன் பேருக்கு எழுதி வெக்கிறேன்."

"உங்க கடையில இருக்கிறது ரெண்டு மெஷின். அதுல ஒண்ணு ஓடாது."

"ஓடுறதைத்தான் குடுப்பேன்."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பதினாறு வயசுல எலும்பே இன்னும் வளர்ந்து முடிக்கல. எதிர்ல நிக்கிறவன் தடிமாடு மாதிரி இருக்கான். ஒரு இடி போதும்."

"இடிக்குப் பயந்தா வீட்டுலயே உட்கார வேண்டியதுதான்."

"வீட்டுல உட்காரச் சொல்லல. ரெண்டு வருஷம் பொறுக்கச் சொல்றேன்."

"ரெண்டு வருஷம் கழிச்சு யார் கூப்பிடுவா? அந்த இடத்துல வேற ஆள் நிக்கும்."

"முட்டி போயிடுச்சுன்னா மட்டும் கூப்பிடுவாங்களா? நீங்களா தூக்கிட்டு அலைவீங்க?"

"அலைவேன்" என்றார் அத்தான். "ஆயுசுக்கும் தூக்கிட்டு அலைவேன்."

டிவியில் தம்பி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனை அத்தான் எதற்காக ஆயுசுக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்? மாஸ்டர் குழப்பத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. இஞ்ச் டேப்பைக் கழற்றி விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

வாண்டு என் காதோரம் குனிந்தாள். "சித்தி, யாரைப் பத்திப் பேசுறோம்னு அவங்களுக்கே தெரியுதா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"பின்ன ஏன் என்கிட்ட கேக்கவே மாட்டேங்கிறாங்க?"

[இந்த இடத்தில் நான் ஓர் அருமையான பதில் சொன்னதாக எழுதியிருந்தேன். வாண்டு படித்துவிட்டு, "நீ ஒண்ணும் சொல்லல சித்தி. டீ குடிச்ச" என்றாள். சரி, டீ குடித்தேன்.]

4

எனக்கு அக்காவை எழுத வரவில்லை.

முதல் பிரதியில் அவள் மகளின் கனவைத் தடுக்கும் தாயாக வந்தாள். படித்துப் பார்த்தால், அவளைத் திட்ட வேண்டும்போல எனக்கே இருந்தது. அவளைப் பயந்தாங்கொள்ளியாக மாற்றினேன். அதுவும் பொய். ரத்தத்தைப் பார்த்து நான் மயங்கி விழுந்தால் என்னைத் தாண்டிப் போய் வேலையை முடித்துவிட்டு வந்து எழுப்புகிறவள் அவள்.

பிறகு விளக்கம் சொல்வதை விட்டுவிட்டுப் பார்த்ததை மட்டும் எழுதினேன். வாண்டு பள்ளியில் பயிற்சி முடிந்து வந்ததும் அக்கா தரையில் உட்கார்ந்து அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். முட்டியை மடக்குவாள், நீட்டுவாள். முட்டிச் சில்லைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவாள். வாய் மட்டும் மாவு தீர்ந்தது, தண்ணீர் வரவில்லை என்று வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும். மற்ற அம்மாக்கள் தலை வாரிவிடுகிற மாதிரிதான் அது இருக்கும். வாண்டும் தன்பாட்டுக்குப் போனைப் பார்த்துக்கொண்டு காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

இதற்குமேல் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாது. இது போதும் என்று நினைக்கிறேன்.

5

அடுத்த ஞாயிறு தம்பியை இறக்கினார்கள்.

ஆட்டம் சமநிலையில் இருந்தது. பெரியவர் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். தம்பி உள்ளே ஓடினான். அத்தான் சோபாவின் நுனிக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. கோல்கீப்பர் தடுமாறி விழ, பந்து உருண்டு தம்பியின் காலடிக்கே வந்தது. எதிரே யாருமில்லை, திறந்த கோல். அவன் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து போய்க் கூட்டத்தில் விழுந்தது.

மைதானமே முனகியது. "நான்தான் சொன்னேனே" என்று மாஸ்டர் ஆரம்பித்து, பாதியில் விட்டார். கேமரா பையனின் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. அரும்பு மீசை. உதடு நடுங்குகிறது. கையால் மறைக்கப் பார்க்கிறான், கேமரா விடவில்லை.

போன ஞாயிறு அவனை இறக்கக் கூடாது என்று அவ்வளவு வாதாடியவள் அக்கா. ஜெயித்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"கேமராவை அந்தப் பக்கம் திருப்புங்கடா" என்றாள் டிவியைப் பார்த்து. "புள்ள அழுவுது."

அத்தான் அவசரமாக ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தை அணைத்தார், அதனால் அவனுக்கு ஏதோ உதவி ஆகிவிடும்போல. அப்போதுதான் என் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அது கிராஸ்மா."

"எது?"

"என் கோல். நடுவுல என் ஃபிரெண்டு ஓடி வந்துட்டிருந்தா. அவளுக்குத்தான் போட்டேன். கால் சரியாப் படல. காத்து வேற. அதுபாட்டுக்கு உள்ள போயிடுச்சு."

"சும்மா சொல்லாதடா" என்றார் அத்தான். மகளை டா போட்டுத்தான் கூப்பிடுவார். "தலையைத் தூக்கிப் பார்த்துட்டுத்தானே அடிச்ச."

"அவ எங்க வர்றான்னு பார்த்தேன்பா."

மாஸ்டர் மிகவும் தாழ்ந்த குரலில், "பெரியவரோட தலைகீழ் கோலும் ஒருவேளை இப்படித்தானோ" என்றார்.

"பின்ன எதுக்குடி கையைத் தூக்கிட்டு ஓடின?" என்றாள் அக்கா.

"எல்லாரும் வந்து கட்டிப் பிடிச்சாங்க. நான் என்ன பண்றது, மன்னிச்சுக்கோங்கன்னா சொல்றது?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அத்தானுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் வாண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அந்த ஒண்ணை வெச்சுத்தான் கூப்பிடுறாங்க. அங்க போய் அதே மாதிரி இன்னொண்ணு அடின்னா, நான் எங்க போவேன்?"

முட்டி உடையும் என்று ஒருவர் பயந்தார். வாய்ப்பு போய்விடும் என்று இன்னொருவர் பயந்தார். அவளுடைய பயம் இது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா வந்து வாசற்படியில் எங்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கம்போல் கை தானாகவே முட்டிக்குப் போனது.

"அதை விடு" என்றாள். "உனக்குப் போகணுமா?"

6

வாண்டு பதில் சொன்னாள்.

[                    ]

இங்கே அந்தப் பதில் இருந்தது. நீளமான பதில் இல்லை. படித்துவிட்டு, "அதை மட்டும் எடுத்துடு சித்தி, அது நானும் அம்மாவும் பேசினது" என்றாள். எடுத்துவிட்டேன்.

இரண்டாம் பகுதிக்குப் போய் அந்தக் கோலைத் திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். நாங்கள் எல்லோரும் அதை அப்படித்தான் பார்த்தோம்.

மறுநாள் நடந்ததைச் சொல்ல அனுமதி இருக்கிறது. அக்காவே கோச்சுக்குப் போன் செய்தாள். எடுத்த எடுப்பில், "அந்தக் கோல் எங்க பொண்ணு தெரிஞ்சு அடிச்சதில்லைங்க. அதை முதல்ல சொல்லிடறேன்" என்றாள். மறுமுனையில் சிரிப்பு.

"தெரியும்மா. அது கிராஸ். நடுவுல ஒரு பொண்ணு தனியா ஓடி வர்றா பாருங்க. அத்தனை பேருக்கு நடுவுல உங்க பொண்ணு அவளைப் பார்த்தாளே, அதுக்குத்தான் கூப்பிட்டேன். கோல் அடிக்கிறவங்க என்கிட்ட இருக்காங்க."

அக்கா போனை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். அத்தான் வீடியோவைத் திறந்தார். தூக்கத்தில்கூட ஒப்பிக்கக்கூடிய வீடியோ. இந்த முறை பந்தைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், மழையில், கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஓடி வருகிறாள். "இவ இத்தனை நாளா எங்க இருந்தா?" என்றார்.

7

இனி முடிவு.

ஒன்று எழுதினேன்: வாண்டு போகிறாள். விளக்குகள் எரிகின்றன. ஒலிபெருக்கியில் அவள் பெயர்—

நிறுத்தினேன். ஒலிபெருக்கியில் வாண்டு என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று: வாண்டு இரண்டு வருஷம் பொறுக்கிறாள். இரண்டு வருஷம் கழித்துப் போன் மணி—

அடிக்கிறதா, இல்லையா? அடிக்காத வீட்டையும் எழுதிப் பார்த்தேன். எலும்பு வார்டில் ஒரு கட்டிலையும் பாதி எழுதினேன். கை ஓடவில்லை.

நான்கையும் அவளிடம் கொடுத்தேன். படித்தாள். "எது சித்தி நடக்கும்?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. அப்போதுதான் விபரீதம் உறைத்தது. பதினாறு வயதில் ஒரு பெண்ணுக்கு அவள் சித்தியே முடிவு எழுதிக் கொடுத்தால் அவள் அதை ஜோசியமாகத்தான் எடுத்துக்கொள்வாள். நான்கையும் கிழித்துப் போட்டேன். அவளும் சேர்ந்து கிழித்தாள்.

ஆகவே இன்று காலையோடு நிறுத்திக்கொள்கிறேன். பூங்காவில் இருக்கிறோம். அக்கா வேலைக்குப் போகிற உடையோடு கோலில் நிற்கிறாள். ஒரு பக்கக் கம்பம் அவளுடைய கைப்பை, மறுபக்கம் அத்தானின் செருப்பு. பந்து பொறுக்க அத்தான் வெறுங்காலோடு பின்னால் நிற்கிறார். நான் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"மெதுவா அடிடி."

"மெதுவா அடிச்சா நீ புடிச்சிடுவம்மா."

"புடிச்சா என்ன? அம்மாதானே."

வாண்டு பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறாள். திரும்புகிறாள். அக்கா முட்டியை லேசாக மடக்கிக் கைகளை விரிக்கிறாள். வாண்டு ஓடி வருகிறாள்.

பந்து எங்கே போயிற்று என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அவள் படிப்பாள், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.