பின்னால் நிற்கும் புள்ளிகள்

எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன், இல்லாவிட்டால் இவ்வளவு அழகாக வராது என்று அவளுக்குத் தோன்றியது.

திரையில் புள்ளிகள் நிறவாரியாக இரண்டாகப் பிரிந்து நின்றன. ஒரு புள்ளி, ஒரு நோயாளி. வயது, மருந்துக்கு முன் மூச்சை ஊதித் தள்ளும் வேகம், மருந்துக்குப் பின் அதே வேகம் என்று மூன்று அச்சுகள். நான்காவதற்கு இடமில்லாததால் அதை நிறமாக்கிவிடுவது வழக்கம். இத்தனை நாளும் மருந்தின் அளவைத்தான் நிறமாக்கி, அந்தப் புள்ளி மேகத்தை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடுகும் உளுந்தும் கலந்து கொட்டியது போலத்தான் கிடந்தது. இன்று நீலமெல்லாம் கீழே, ஆரஞ்செல்லாம் மேலே, மூச்சு தேறியவர்களின் பக்கம்.

நிறத்துக்கான தேர்வுப் பெட்டியைத் திறந்ததும் புரிந்தது. நீளமான பெயர்களை மென்பொருள் அதில் பாதியோடு வெட்டிவிடும். ‘மருந்தின் அளவு’, ‘மருந்தின் வேளை’ இரண்டுமே வெறும் ‘மருந்தின்’. கை தவறி வேளையைத் தொட்டிருக்கிறாள். நீலம், காலையில் மருந்து எடுத்தவர்கள். ஆரஞ்சு, மாலையில்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தாள். சந்தோஷம் வந்தால் உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிறுத்திப் பார்க்கிற சுபாவம்.

அக்கா வந்தாள். நுரையீரல் மருத்துவர், ஆய்வே அவளுடையதுதான், தங்கையை இந்த வேலைக்கு அழைத்து வந்ததும் அவள்தான். மருந்து பலிக்கிறது என்று காட்ட ஒரு படமாவது இன்று ஆய்வுக்குப் பணம் தரும் குழுவுக்குப் போகாவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?”

“தப்பான இடத்தைத் தொட்டுட்டேன்க்கா. நல்லது வந்திருக்கு.”

“உனக்கு நல்லதுகூட வழி தப்பித்தான் வரும்.” சொல்லிக்கொண்டே திரையைப் பார்க்கக் குனிந்தாள். விஷயம் விளங்கியதும் தங்கையின் தோளைப் பற்றினாள்.

“இரு, முழுசா பாரு.” தங்கை மேகத்தை மெல்லத் திருப்பினாள். ஆரஞ்சின் மறைவிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு வெளியே வந்தது. அவை கீழேயே கிடந்தன. மாலையில் எடுத்தும் மூச்சு தேறாதவர்கள், அநேகமாக வயதானவர்கள்.

“பழையபடி திருப்பு. ஆங், அங்கேயே நிறுத்து. அந்தக் கோணத்துல எடுத்துடு.”

“பின்னாடி நிக்கிறவங்க?”

“காகிதத்துக்குப் பின்னாடி யாருடி எட்டிப் பார்க்கப் போறா?”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் எடுத்த படங்களில் எப்போதும் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றவள் தங்கை. நெற்றியும் வகிடும்தான் தெரியும். அதில் அவளுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. நம்பி மருந்தெடுத்தும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் இவர்களுக்குக் குறை இருக்குமே என்று நினைத்தாள்.

“ரெண்டு பக்கமும் எடுத்து அனுப்பலாம்க்கா. வேளையை மட்டும் வச்சுப் புதுசா ஒரு ஆய்வு பண்ணணும்னு கேளு. கேட்கிறதுக்கு இப்பத்தான் நமக்குக் காரணம் கிடைச்சிருக்கு.”

“கேட்டுக் கொடுக்கலைன்னா? ஒரு கோணம்தானே கேக்கிறேன். பொய்யா சொல்லச் சொல்றேன்?”

பொய் இல்லைதான். ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில்தான் இருந்தது. எதையும் நகர்த்தாமலே ஏமாற்ற முடிந்தது, அதுதான் தங்கையை உறுத்தியது.

சுட்டியிலிருந்து கையை எடுத்து, பக்கத்து நாற்காலியை அருகே இழுத்துப் போட்டாள்.

“உட்காரு, குழுவுக்குச் சேர்ந்தே எழுதுவோம். அந்த ஒரு கோணத்தை மட்டும் அனுப்ப வேண்டாம்க்கா.”